நாவல் என் பெயரில், உரிமை வேறொருவர் கையில்

என் முதல் நாவல் அச்சாகி வந்த வகையில் எங்கள் வீட்டிலிருந்து வெளியே போன பணம் 1,19,400 ரூபாய். உள்ளே வந்தது 3,200 ரூபாய். பணத்தைவிட என்னை அதிகம் வாட்டியது வேறு. நான் எழுதிய நாவலை நானே வேறு யாரிடமும் கொடுக்க முடியாமல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அது முடங்கிக் கிடந்தது. மறுபதிப்புக்கு ஆள் வந்தும் கொடுக்க முடியவில்லை, மொழிபெயர்க்கிறேன் என்று ஒருவர் கேட்டும் சரி என்று சொல்ல முடியவில்லை. எங்களைப் போன்ற குடும்பங்களிலிருந்து எழுத வரும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஆள் இருக்காது. பதிப்புலகத்தில் தெரிந்த மாமாவோ சித்தப்பாவோ இருக்க மாட்டார். எனக்கும் இருக்கவில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி, தொகையோடு எழுதுகிறேன்.

எங்களைப் போன்ற குடும்பங்கள் என்று நான் சொல்வது அரசு ஆவணங்களில் ‘தாயகம் திரும்பியோர்’ என்று குறிக்கப்படும் குடும்பங்களை. நீலகிரியில் எங்களைச் ‘சிலோன்காரர்கள்’ என்பார்கள். என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, பிறந்தது இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அவருடைய தாத்தா காலத்தில் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிக்கொண்டு போன குடும்பம் அது. இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. பிறகு 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். முடிவாகாமல் மிச்சம் வைத்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதி என்று பங்கு போட்டுக்கொண்டன. மலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவர்களைக் கேட்டு யாரும் இந்தக் கணக்கைப் போடவில்லை. தாத்தா இந்தியக் குடியுரிமைக்கு மனுப்போட்டார். அப்பாயியின் தங்கை குடும்பம் இலங்கைக் குடியுரிமைக்கு மனுப்போட்டது. எழுபதுகளில் ஒரு நாள் தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்கு இராமானுஜம் கப்பல், பிறகு மண்டபம் முகாம், கடைசியாகக் கோத்தகிரி. தாயகம் திரும்புவோருக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் தாத்தாவுக்கும் அப்பாயிக்கும் பேர் பதிந்தார்கள். அக்காவும் தங்கையும் அதன்பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை.

என் நாவல் இந்த இரண்டு பெண்களைப் பற்றியது. நான் கோவையில் ஒரு மில் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். எழுதும் ஆசை பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு, ஆனால் லயத்துக் கதையை யார் படிப்பார்கள் என்ற தயக்கமும் கூடவே இருந்தது. 2013இல் இலங்கை மலையகத்தின் மூத்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்புக்குக் கோவையில் விஷ்ணுபுரம் விருது கொடுத்தார்கள். பார்வையாளர்களில் ஒருத்தியாகப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் அப்பாயியின் மலைகளைப் பற்றி வாழ்நாளெல்லாம் எழுதிய ஒருவருக்காக ஒரு மண்டபமே எழுந்து நின்று கைதட்டியதைப் பார்த்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் குறிப்பு நோட்டு ஒன்று வாங்கி அப்பாயியிடம் போய் உட்கார்ந்தேன்.

வீட்டுப் பெரியவர்களிடம் கதை கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊரை விட்டு வரும்போது எப்படி இருந்தது, அழுதீர்களா என்று கேட்டால் பதில் வராது. “என்னத்தைச் சொல்வது” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பெட்டியில் என்னென்ன எடுத்து வைத்தீர்கள் என்று கேளுங்கள். அப்பாயி அந்தக் கேள்விக்குத்தான் வாயைத் திறந்தார். ஒரு தகரப்பெட்டி. அதில் இரண்டு சேலை, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு, ஒரு குழவிக்கல். அம்மியைத் தூக்க முடியாது என்று தாத்தா சொன்னதால் அதைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் குழவியை மட்டும் சேலைக்குள் சுற்றி எடுத்து வந்திருக்கிறார். அங்கே அம்மி குழவியில்லாமல், இங்கே குழவி அம்மியில்லாமல். கோத்தகிரிக்கு வந்து வேறு அம்மி வாங்கியபோது இந்தக் குழவி அதற்குப் பொருந்தாமல் ஒரு பக்கமாகவே உருண்டதாம். அதைச் சொல்லும்போது அவருடைய கை தானாகவே அரைக்கிற மாதிரி முன்னும் பின்னும் போனது. நாவலின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க இந்தக் குழவிதான்.

கைபேசியில் பதிவு செய்யுங்கள், தொடக்கத்திலேயே தேதியும் பேசுபவர் பெயரும் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள், அன்றைக்கே இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். அப்பாயி நாவல் முடியும் முன்பே போய்விட்டார். அந்தப் பதிவுகள் இல்லையென்றால் பாதி நாவல் எனக்குக் கிடைத்திருக்காது. தாயகம் திரும்பும்போது கொடுத்த குடும்ப அட்டை, பழைய பாஸ்போர்ட்டு, தோட்டத்துச் சம்பளச் சீட்டு என்று எது கிடைத்தாலும் முதலில் படம் எடுத்துவிடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லாமினேட் செய்ய வேண்டாம், பழைய தாள் அதில் நாளடைவில் பாழாகிவிடும். கண்டி உதவி இந்தியத் தூதரகம் வழியாக வந்த குடும்ப அட்டையில் பெயரும் வயதும் எழுதுகிறவர் காதில் விழுந்தபடி இருக்கும், அதை அப்படியே நம்பிக் காலவரிசை போடாதீர்கள். பின்னணிக்கு எழும்பூர் ஆவணக் காப்பகமும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உதவும். என்ன ஆண்டு, என்ன பத்திரிகை என்று முன்கூட்டியே பட்டியல் போட்டுக்கொண்டு போனால் விடுப்பு வீணாகாது.

குடும்பத்தைப் பற்றி எழுதினால் குடும்பத்துக்குள் வலி வரும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். மனுவில் கைநாட்டு வைக்கும் முன் தாத்தா அப்பாயியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதை நாவலில் எழுதியிருந்தேன். பெயரை மாற்றியிருந்தேன், தோட்டத்தின் பெயரையும் மாற்றியிருந்தேன். ஆனால் வீட்டு ஆட்களுக்குத் தெரியாமல் போகுமா? அத்தை படித்துவிட்டுத் தொலைபேசியில் கேட்டார்: “இறந்துபோன மனிதரை நாலு பேர் நடுவில் நிறுத்திவிட்டாயே அம்மா, அவருக்குப் பதில் சொல்ல வாய் இருக்கிறதா?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பக்கங்களை இன்றும் மாற்ற மாட்டேன், அப்பாயி சொன்னது அதுதான். இருந்தாலும் சம்பந்தப்பட்டவர்களுக்கு அச்சுக்குப் போகும் முன் அந்தப் பகுதிகளை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிடுங்கள் என்றுதான் மற்றவர்களுக்குச் சொல்வேன். சண்டை வந்தாலும் வீட்டுக்குள் வரும். புத்தகமாகப் பார்த்து அதிர்வது வேறு மாதிரியான காயம். அத்தை இப்போது பேசுகிறார், ஆனால் என் எழுத்தைப் பற்றி மட்டும் எதுவும் கேட்பதில்லை.

இனி பதிப்பு விஷயம். சிறுபத்திரிகைகளில் சில கதைகள் வந்த பிறகு ஒரு பதிப்பாளர் அவராகவே அழைத்தார். பெயர் வேண்டாம். முதல் நாவலுக்குத் தானாக ஒரு பதிப்பாளர் அழைக்கும்போது மனம் எப்படிக் குதிக்கும் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும். அவர் கேட்ட முதல் கேள்வியே எனக்குச் சுருக்கென்றது. “கலவரம் வருகிறதா? முகாம், குண்டு, படகு எல்லாம் இருக்கிறதா?” எங்கள் ஆட்கள் 1983 கலவரத்துக்கு முன்பே ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டவர்கள், போரில் தப்பி வந்தவர்களின் கதை வேறு, எங்கள் கதை வேறு என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். ஆனால் புத்தகம் வந்தபோது அட்டையில் முள்வேலியும் ஒரு படகும் இருந்தன. பின்னட்டையில் ‘போரின் கொடுமையிலிருந்து தப்பிய ஒரு குடும்பத்தின் கண்ணீர்க் கதை’ என்று இருந்தது. நாவலில் ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. கூடலூரிலிருந்து ஒரு பெரியவர் அழைத்து, “நம் கதையையே நம் பிள்ளை பொய்யாகச் சொன்னால் யாரிடம் போய்ச் சொல்வது” என்றார். அட்டையைத்தான் பார்த்திருந்தார். உள்ளே படித்துப் பாருங்கள் ஐயா என்று கெஞ்சினேன். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

புலம்பெயர்ந்த குடும்பத்திலிருந்து எழுத வருகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். சந்தைக்கு ஏற்கெனவே பழகிய ஒரு துயரத்துக்குள் உங்களைப் பொருத்திவிடப் பார்ப்பார்கள். அதனால் அட்டைப் படம், பின்னட்டை வாசகம், ஆசிரியர் குறிப்பு மூன்றுக்கும் ஆசிரியரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பின்னட்டை வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மெய்ப்புப் பார்ப்பவருக்கு வட்டாரச் சொற்களின் பட்டியல் ஒன்றையும் கொடுங்கள். நான் கொடுத்திருந்தேன், ஆனால் அது மெய்ப்புப் பார்த்தவர் கைக்குப் போகவே இல்லை. அப்பாயி ரயிலைக் ‘கோச்சி’ என்பார், அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அதைப் புத்தகம் முழுக்கக் ‘கொச்சி’ என்று திருத்தி வைத்திருந்தார்கள். கொச்சியில் ஏறித் தலைமன்னாருக்குப் போவதாக வருகிறதே என்று ஒரு மதிப்புரையாளர் என்னைக் கேட்டார்.

பணத்துக்கு வருகிறேன். நாவல் பிடித்திருக்கிறது, ஆனால் புதியவர் என்பதால் ‘பங்குத்தொகை’ வேண்டும் என்றார். 500 பிரதி அச்சிட 72,000, அட்டை வடிவமைப்புக்கு 8,000, ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண் வாங்க 5,000, ஆக மொத்தம் 85,000 ரூபாய். அரசு நூலகங்களுக்குப் பிரதிகள் வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் பணம் முழுவதும் திரும்பிவிடும் என்று வாயால் சொன்னார். அந்த ஆண்டுதான் அம்மா தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். பணிக்கொடை வந்திருந்தது. லயத்து வீடு வேலையில் இருப்பவர்களுக்குத்தான் என்பதால் வெளியே வாடகைக்கு வீடு பார்த்து முன்பணம் கொடுக்க வேண்டிய பணம் அது. அம்மா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “உங்கள் அப்பாயி பேர் புத்தகத்தில் வருகிறது அல்லவா, எடுத்துக்கொள்” என்றார். முதுகில் கூடை சுமந்த பணம். இன்றும் இதை நினைத்தால் அந்தப் பதிப்பாளர் மேல் எனக்கு அடங்காத கோபம் வருகிறது. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அவரிடம் சொல்லியிருந்தேன். தெரிந்தே வாங்கினார்.

பின்னாளில் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் அதே 280 பக்கம், அதே தாள், அதே 500 பிரதி என்று விலை கேட்டேன். 46,000 ரூபாய் என்றார்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு நம் நாட்டில் கட்டணமே கிடையாது, ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது, தனி ஆளாக ஆசிரியரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆகவே யாராவது அதற்குப் பணம் கேட்டால் அந்த இடத்திலேயே எச்சரிக்கையாகிவிடுங்கள். இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். என் புத்தகத்தின் விலை 320 ரூபாய், எனக்கு ராயல்டி 10 சதவீதம், அதாவது பிரதிக்கு 32 ரூபாய். 500 பிரதியும் விற்றாலும் எனக்கு வருவது 16,000. நான் கொடுத்ததோ 85,000. எந்த வழியில் போனாலும் ஆசிரியருக்கு நட்டமாகவே முடியும்படி அமைத்த ஏற்பாடு அது. ஆசிரியரே அச்சுச் செலவு முழுவதையும் ஏற்கிறார் என்றால் பிரதிகள் ஆசிரியருக்குச் சொந்தமாக வேண்டும், விற்பனையாளருக்குக் கழிவு போக மீதியும் அவருக்கே வர வேண்டும். செலவைப் பதிப்பாளர் ஏற்றால் ராயல்டி முறை நியாயம். இரண்டையும் கலந்து ஒரு ஏற்பாடு சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இப்போது ஐம்பது பிரதி, நூறு பிரதி என்று தேவைக்கேற்ப அச்சிடும் வசதி பல ஊர்களில் வந்துவிட்டது. கூச்சப்படாமல் அச்சகங்களில் விலை கேளுங்கள், கேட்பதற்குக் காசில்லை.

நூலக ஆணையைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அது எப்போது வரும், எத்தனை பிரதி எடுப்பார்கள், பணம் எப்போது வரும் என்பதெல்லாம் பதிப்பாளர் கையில் இல்லாத விஷயம். அதை உத்தரவாதம்போலச் சொல்லிப் பணம் கேட்பது தவறு. ஆணை கிடைத்தால் அந்தப் பிரதிகளுக்கும் ராயல்டி உண்டு என்பதை மட்டும் எழுத்தில் வாங்கி வையுங்கள், பலர் அதைக் கணக்கில் காட்டுவதில்லை.

புத்தகம் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வந்தது. அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவையும் அழைத்துப் போனேன். நந்தனத்தில் பதிப்பாளரின் அரங்கு முழுவதும் தேடினோம். புத்தகம் இல்லை. கேட்டபோது “தீர்ந்துவிட்டது, அடுத்த கட்டு நாளை வரும்” என்றார்கள். அம்மாவுக்கு ஒரே பெருமை. அவ்வளவு பேர் வாங்கிவிட்டார்களா என்று ரயிலில் கோவை வரும் வரை கேட்டுக்கொண்டே வந்தார். அதன்பிறகு கணக்குக் கேட்டால் பதில் இல்லை. மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. ஓர் ஆண்டு கழித்து 3,200 ரூபாய்க்கு ஒரு காசோலை வந்தது, நூறு பிரதிக்கான ராயல்டி. கணக்குத் தாள் எதுவும் கூட வரவில்லை. இதற்கிடையில்தான் வேறொரு பதிப்பகம் மறுபதிப்புக் கேட்டது. இவரிடம் சொன்னபோது முதன்முறையாக உடனே பதில் வந்தது: எல்லா உரிமையும் எங்களிடம் இருக்கிறது, ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

ஒப்பந்தம் மூன்று பக்கம். ‘அச்சு, மின்னூல், ஒலி, ஒளி, மொழிபெயர்ப்பு உள்ளிட்ட எல்லா வடிவங்களிலும்’ உரிமையைப் பதிப்பகத்துக்கு ஒப்படைப்பதாக இருந்தது. எத்தனை ஆண்டுக்கு என்று இல்லை. எத்தனை பிரதி என்று இல்லை. கணக்கு எப்போது தர வேண்டும் என்று இல்லை. கையெழுத்துப் போட்ட அன்று, இது எல்லோருக்கும் கொடுக்கிற வழக்கமான படிவம் என்றார்கள். இப்படிப்பட்ட படிவத்தை வழக்கமாக்கி வைத்திருப்பதுதான் கொடுமை. ஒரு வழக்கறிஞரிடம் போனேன். அவர் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 19ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். உரிமை ஒப்படைப்பில் காலம் குறிப்பிடவில்லை என்றால் அது ஐந்து ஆண்டுக்கு மட்டுமே. எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டுமே. வாங்கிய உரிமையை ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, அந்த உரிமை காலாவதியாகிவிடும். அதாவது, அவர்கள் தொடவே தொடாத மொழிபெயர்ப்பு உரிமையும் ஒலிநூல் உரிமையும் எப்போதோ எனக்குத் திரும்பி வந்திருந்தன, எனக்குத்தான் தெரியவில்லை. 57ஆம் பிரிவின்படி, உரிமையை முழுவதுமாக எழுதிக் கொடுத்த பிறகும், என் படைப்பைச் சிதைத்து என் மதிப்பைக் கெடுத்தால் எதிர்க்கும் உரிமை என்னிடமே இருக்கிறது. பதிப்புரிமை என்பது பதிவு செய்தால்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதி முடித்தவுடனேயே அது எழுதியவருக்குச் சொந்தம். பதிவு கட்டாயமில்லை.

எங்கள் வீட்டில் காகிதத்தைப் பத்திரமாக வைக்கத் தெரியும். குடும்ப அட்டையைத் தாத்தா பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். ஆனால் அதிகாரம் உள்ளவர் நீட்டும் காகிதத்தில் இந்த வரி ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டுப் பழக்கமில்லை. கேட்டால் வேலை போகும், பெட்டி கட்ட வேண்டிவரும் என்று தலைமுறைகளாகக் கண்ட பயம் அது. வழக்கறிஞர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் பயம் எனக்குள்ளும் அப்படியே இருப்பதைப் பார்த்தேன். என் வயதுப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிப்பவரிடம் நாவலைக் கொடுக்காதீர்கள்.

வழக்கறிஞர் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினார். அச்சக ரசீதும் விற்பனைக் கணக்கும் கேட்டோம். பல வாரம் இழுத்தடித்த பிறகு வந்த ரசீதில் இருந்தது 300 பிரதி. 500 பிரதிக்குப் பணம் வாங்கி 300தான் அச்சிட்டிருக்கிறார்கள். விற்றது 100, எனக்குக் கொடுத்தது 25, மதிப்புரைக்கு அனுப்பியது 35, கையிருப்பு 140 என்று கணக்குக் காட்டினார்கள். புத்தகக் காட்சியில் தீர்ந்துவிட்டது என்று சொன்ன புத்தகம்! அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடலாம், ஆனால் செலவும் காலமும் அந்தத் தொகையைத் தாண்டிவிடும் என்றார் வழக்கறிஞர். பணமா, நாவலா என்று வந்தபோது நாவலைத் தேர்ந்தெடுத்தேன். உரிமையை விடுவிக்க அவர்கள் வைத்த நிபந்தனை, மீதமுள்ள 140 பிரதியையும் முழு விலைக்கு நான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது. பேசிப் பேசிப் பாதி விலைக்கு இறங்கி வந்தார்கள். 22,400 ரூபாய். வழக்கறிஞருக்கு 12,000. நானே பணம் போட்டு அச்சிட்ட புத்தகத்தை நானே மறுபடி விலைக்கு வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். உடம்பெல்லாம் அவமானமாக இருந்தது. ஆனால் விடுவிப்புக் கடிதம் பையில் இருந்தது.

இப்போது அந்த நாவல் வேறொரு பதிப்பகத்தில் புதிய அட்டையுடன் வந்திருக்கிறது, கோச்சி கோச்சியாகவே இருக்கிறது. இரண்டாவது நாவலையும் அவர்களே போட்டார்கள், என்னிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. அந்த ஒப்பந்தத்தில் தமிழ் அச்சுப் பதிப்பு உரிமை மட்டும், மூன்று ஆண்டுக்கு. மின்னூலுக்குத் தனி ஒப்பந்தம். மொழிபெயர்ப்பு, திரை உரிமைகள் என்னிடமே. ஆண்டுக்கு ஒருமுறை ஜூன் மாதத்துக்குள் கணக்கு. பிரதிகள் தீர்ந்து ஆறு மாதத்துக்குள் மறுபதிப்புப் போடவில்லை என்றால் உரிமை திரும்பிவிடும். இத்தனையையும் கேட்டபோது அவர்கள் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. சென்ற நிதியாண்டில் இரண்டு நாவலும் சேர்ந்து எனக்குக் கொடுத்த ராயல்டி 21,000 ரூபாய். நேர்மையான பதிப்பகம், நல்ல மதிப்புரைகள், எல்லாம் இருந்தும் இவ்வளவுதான். ஆகவே எழுதுவதற்காக வேலையை விட்டுவிடலாமா என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு, வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். நான் காலை நான்கரைக்கு எழுந்து ஏழு மணி வரை எழுதுகிறேன், பிறகு மில்லுக்குப் போகிறேன்.

புத்தகம் வந்த சில மாதங்களில் இன்னொரு வகை அழைப்பும் வரும். உங்கள் நாவலுக்கு விருது, விழா மண்டபச் செலவுக்கு ஐயாயிரம் அனுப்புங்கள் என்பார்கள். பணம் கேட்கிற எதுவும் விருது இல்லை. அம்மா அப்பா மகிழ்வார்களே என்று மனம் இளகும், அதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

ஏற்கெனவே இப்படி ஓர் ஒப்பந்தத்தில் சிக்கியிருப்பவர்களுக்காக, விடுவிப்புக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை எழுதிவிடுகிறேன். வழக்கறிஞர் எனக்காக எழுதித் தந்தது இது: ‘இன்ன தலைப்புள்ள நாவலின் அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைவடிவம் உள்ளிட்ட எல்லா உரிமைகளும் இன்று முதல் ஆசிரியருக்கே உரியவை. இன்ன தேதியில் செய்துகொண்ட ஒப்பந்தம் இத்துடன் முடிவுக்கு வருகிறது. எங்களிடம் இருந்த கையிருப்புப் பிரதிகள் முழுவதையும் ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டோம். இனி இந்நூலை நாங்கள் அச்சிடவோ விற்கவோ மாட்டோம்.’ பதிப்பகத்தின் பெயர் அச்சிட்ட தாளில், தேதி, கையெழுத்து, முத்திரையுடன் வாங்குங்கள். பிரதிகளுக்கான பணத்தைக் கடிதம் கைக்கு வந்த பிறகு கொடுங்கள், அதையும் வங்கி வழியாகவே கொடுங்கள். இணையக் கடைகளில் மின்னூலோ பழைய பதிப்போ விற்பனையில் இருந்தால் எத்தனை நாளுக்குள் நீக்குவார்கள் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுத வையுங்கள். புத்தகத்தின் பக்க வடிவமைப்புக் கோப்பையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். எனக்கு அதைத் தரவில்லை, அதனால் புதிய பதிப்புக்கு மறுபடியும் முதலிலிருந்து பக்கம் கட்டி, 280 பக்கத்துக்கும் மெய்ப்புப் பார்க்க வேண்டியிருந்தது.